பதினெட்டரை வருஷங்களுக்குப் பிறகு ஒரு கச்சேரி

1977-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று பிற்பகலில், இங்கிலாந்தின் வடபகுதியில் கம்பளி நெசவுக்குப் பேர்போன ஹடர்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில், ஐவன்ஹோஸ் என்ற சாதாரணமான ஒரு கேளிக்கை விடுதியில், குழந்தைகளுக்காக ஒரு கச்சேரி நடைபெற்றது. கூடியிருந்த குழந்தைகள் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்த தீயணைப்புப் படையினரின் மக்கள். நூற்றுக்கு 30 வீதம் சம்பள உயர்வு கேட்டு நவம்பர் 14-ஆம் தேதி வேலையை நிறுத்திய அத்தொழிலாளர்களுக்கு, 10 வீதத்துக்கு மேல் ஒரு காசும் தருவதற்கில்லையென்று சர்க்கார் கண்டிப்பாக இருந்துவிட்டபடியால், பண்டிகை நாளன்று ஆறு வாரங்களாகச் சம்பளமின்றி அடுப்பெரிய வேண்டியிருந்த வீடுகள் அவை. அந்தக் குழந்தைகளுக்குப் பெரியதொரு கேக்கையும் பரிசுப் பொருள்களையும் எடுத்துக்கொண்டு வந்து பாடியவர்கள் யாரென்றால், தேசமெங்கும் நகரசபைகள் மேடை தர மறுத்துக் கதவடைத்த, தங்கள் பிள்ளைகளின் காதில் பெயர்கூட விழலாகாதென்று பெற்றோர்கள் அஞ்சிய, ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ என்னும் நான்கு பேர் கொண்ட பங்க் கோஷ்டியினரே.

ஜூலியன் டெம்பிள் என்பவர் அன்று படம் பிடித்த காட்சிகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பத்திரிகைகள் ராட்சஸனாகச் சித்திரித்த ஜானி ராட்டன் என்ற பாடகர், முகமும் தலைமயிரும் கேக்கும் பாலேடுமாக நிற்க, குழந்தைகள் கைக்கெட்டியதை வாரி அவர்மேல் எறிந்து ஆரவாரம் செய்கிறார்கள். அவர் அதைத் தடுக்கவில்லை, ரசித்துச் சிரிக்கிறார். அன்று இரவு அதே மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஒரு கச்சேரி நடந்தது. அதன் பின்னர் அவர்கள் இங்கிலாந்தில் மேடையேறியது 1996-ஆம் வருஷம் ஜூன் மாதம் 23-ஆம் தேதிதான். நடுவே கழிந்தவை பதினெட்டரை வருஷங்கள். அந்தக் கோஷ்டியின் பாட்டுகளிடத்தில் இளம்பிராயம் முதலாக அபிமானம் வைத்தவன் என்ற முறையில், அந்த 1996-ஆம் வருஷத்துக் கச்சேரியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பதையும், இத்தனை காலத்துக்குப் பிறகு அது எந்தப் பக்கம் சாய்ந்ததென்பதையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

லண்டனில் செல்சீ பகுதியில், கிங்ஸ் ரோடில் 430-ஆம் எண்ணுள்ள கடையிலிருந்து இந்தச் சரித்திரம் தொடங்குகிறது. மால்கம் மெக்லாரன், விவியன் வெஸ்ட்வுட் என்னும் இருவர் 1971 முதல் அங்கே உடை வியாபாரம் நடத்தி வந்தார்கள்; இரண்டொரு வருஷத்துக்கு ஒருமுறை கடையின் பெயரையும் சரக்கையும் அடியோடு மாற்றுவது அவர்கள் வழக்கம். க்ளென் மாட்லாக் என்ற வாலிபர் சனிக்கிழமைகளில் அங்கே விற்பனைக்கு நிற்பார். ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் பள்ளித் தோழர்களாக வளர்ந்த ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் கடைக்கு அடிக்கடி வருவார்கள். கிட்டாரும் ஒலிவாங்கியும் வாங்கக் காசில்லாத ஜோன்ஸ் அவற்றைத் திருடியே சேர்த்தார் என்பதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பாடுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இந்த மூவருக்கும், 1975 ஆகஸ்டில், பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரசித்த கோஷ்டியின் பெயர் அச்சிட்ட பனியனில் ‘வெறுக்கிறேன்’ என்ற பொருள்பட இரண்டு சொற்களைக் கையால் எழுதி அணிந்துவந்த ஜான் லைடன் அகப்பட்டார். காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் ஒலித்த ஒரு பாட்டுக்குத் தக்கபடி வாயசைத்துக் காட்டும்படி சொன்னார்கள், காட்டினார், சேர்த்துக்கொண்டார்கள். ஐரிஷ் குடியேறிகளின் மகனாக, வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் சுற்றுவட்டாரத்தில் வளர்ந்த இந்த லைடனே ஜானி ராட்டன் ஆனவர். 1975 நவம்பர் 6-ஆம் தேதி, மாட்லாக் படித்துக்கொண்டிருந்த செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில் முதல் கச்சேரி நடந்தது.

இவர்களுடைய கச்சேரிகளுள் எதை நேரில் பார்த்திருக்க ஆசையென்று யாரேனும் என்னைக் கேட்டால், சற்றும் தயங்காமல் மான்செஸ்டர் கச்சேரியையே சொல்லுவேன். அந்நகரில் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற மண்டபம் எழும்பிய நிலம் லேசானதன்று. 1819-ஆம் வருஷம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி, வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடிய ஜனங்களின்மேல் குதிரைப்படையை ஏவிப் பதினைந்து பேருக்குக் குறையாமல் மாய்த்த செயின்ட் பீட்டர்ஸ் திடல்தான் அது. அம்மண்டபத்தின் மேல்மாடியில் இருந்த சிறிய கூடத்தில், 1976 ஜூன் 4-ஆம் தேதி, பிஸ்டல்ஸ் பாடினார்கள். பத்திரிகையில் வந்த ஒரு சிறு விமர்சனத்தைப் படித்துவிட்டு லண்டன் பக்கம் வரை போய் அவர்களைக் கேட்டு, அந்த வேகத்தில் சொந்த ஊருக்கு அழைத்துவந்த ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு வாலிபர்கள் அதை ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். அந்த நாற்பது பேரில் ஒருவரான பீட்டர் ஹூக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டாரை வாங்கினார். அவரும் அவருடன் வந்திருந்த பெர்னார்ட் சம்னரும் தொடங்கிய முயற்சியே பின்னர் ‘ஜாய் டிவிஷன்’ என்று உலகம் அறிந்தது. அமைப்பாளர்கள் இருவரும் ‘பஸ்காக்ஸ்’ என்ற தங்கள் கோஷ்டியைத் திரட்டி, 500 பவுன் கடன் வாங்கி, எந்தக் கம்பெனியின் தயவுமின்றி 1977 ஜனவரியில் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட்டார்கள்.

பங்க் என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவருக்கு இந்த ஓரிரவின் வரலாறே போதுமானது. கிழிந்த உடையும் அதில் குத்திய ஊக்கும், மூன்றே சுரக்கூட்டில் அடங்கிவிடும் பாட்டும், வசை மொழியும் அதன் மேலுடுப்பு மாத்திரமே. வித்வான்களாய்ப் பிறந்தவர்களுக்கு மட்டுந்தான் மேடை என்ற எண்ணத்தைத் தகர்த்து, கேட்க வந்தவனை மறுநாள் வாசிக்கிறவனாக ஆக்கி அனுப்பியதே அதன் ஜீவன். அந்தக் கூடத்தில் பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் வயதில் வித்தியாசமில்லை, பணத்தில் வித்தியாசமில்லை, தேர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இருந்ததென்று சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. 1976 அக்டோபரில் ஈ.எம்.ஐ. கம்பெனி 40,000 பவுன் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. டிசம்பர் முதல் தேதி தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், நிகழ்ச்சி நடத்தியவர் வேண்டுமென்றே தூண்டிவிட, ஜோன்ஸ் கெட்ட வார்த்தைகளைப் பொழிந்தார். மறுநாள் பத்திரிகைகள் கொதித்தன. ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்தாயின. ஜனவரியில் கம்பெனி கைகழுவியது. மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் படாடோபமாகக் கையெழுத்திட்ட ஏ அண்ட் எம் கம்பெனி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதாக வர்ஜின் வந்தது. எலிசபெத் ராணியாரின் வெள்ளிவிழாக் கொண்டாட்டத்தை எதிர்த்து அவர்கள் வெளியிட்ட பாட்டு, ஒலிபரப்புத் தடையையும் கடைக்காரர்களின் மறுப்பையும் மீறி விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறிற்று. அக்டோபரில் வெளிவந்த அவர்களது ஒரே முழு ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தது. அதன் தலைப்பிலுள்ள ஒரு சொல் ஆபாசமென்று நாட்டிங்ஹாம் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரே கூண்டிலேறி அது நூற்றாண்டுகளாக வழங்கிவரும் பழஞ்சொல் என்று சாட்சி சொல்ல, கடைக்காரர் விடுதலையானார்.

இந்த ஆரவாரத்துக்குள்ளே அமுங்கிப்போன அநியாயம் ஒன்று உண்டு. 1977 பிப்ரவரியில் க்ளென் மாட்லாக் கோஷ்டியை விட்டு வெளியேறும்படி நேர்ந்தது. அந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டுகளில் பத்துப் பாட்டுகளை ஆக்குவதில் பங்குகொண்டவர் அவர். அவருடைய இடத்துக்கு வந்த சிட் விஷியஸ் என்ற இளைஞருக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது. ஆகவே ஆல்பத்தில் பேஸ் கிட்டாரையும் பெரும்பாலும் ஜோன்ஸே வாசிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் இன்று உலகமெங்கும் பனியன்களில் அச்சாகி விற்பது சிட்டின் முகந்தான். 1979 பிப்ரவரி 2-ஆம் தேதி, 21 வயதில், போதை மருந்துக்கு இரையாகி மாண்டுபோன அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுடைய முகத்துக்குக் கிடைத்த விலையில் நூற்றில் ஒரு பங்குகூட மாட்லாக்கின் விரல்களுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஹடர்ஸ்ஃபீல்டில் கேக் எறிந்து விளையாடிய மூன்றாம் வாரத்தில் எல்லாம் முடிந்தது. அமெரிக்கப் பிரயாணத்தின் கடைசி நாளான 1978 ஜனவரி 14-ஆம் தேதி, ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில், களைத்து மேடையில் குந்தியபடி கடைசிப் பாட்டைப் பாடி முடித்த ராட்டன், தாங்கள் ஏமாற்றப்பட்டதாக எப்போதேனும் தோன்றியதுண்டா என்று சபையோரைக் கேட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கீழே போட்டுப் போனார். அந்தக் கேள்வி சபையோருக்கு மட்டும் உரியதன்று. தமக்கே அவர் போட்டுக்கொண்ட கேள்வி என்றுதான் எனக்கு எப்போதும் படுகிறது. சம்பாதித்த பணமும் கோஷ்டியின் பெயரும் மானேஜர் மெக்லாரனின் வசத்தில் இருந்தபடியால், பெயரையும் உரிமைகளையும் மீட்க லைடன் வழக்குத் தொடுத்து வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது; 1986-இல்தான் உரிமைகள் கோஷ்டியாரின் கைக்கும், சிட்டின் வாரிசுரிமையாக அவருடைய தாயாரின் கைக்கும் வந்து சேர்ந்தன.

இந்தப் பின்னணியோடுதான் 1996-ஐப் பார்க்க வேண்டும். அவ்வருஷம் மார்ச் 18-ஆம் தேதி, இருபது வருஷங்களுக்கு முன்னே தாங்கள் பாடிய லண்டன் ஹன்ட்ரட் கிளப்பில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, லைடன், ஜோன்ஸ், குக், மாட்லாக் என்னும் அசல் நால்வரும் உலகப் பிரயாணம் புறப்படுவதாக அறிவித்தார்கள். ஒருவரை ஒருவர் நேசிப்பதாக அவர்கள் பாசாங்கு செய்யவில்லை. தங்களை ஒன்று சேர்த்தது ரசிகர்களின் பணமே என்று லைடன் முகத்துக்கு நேராகச் சொன்னார். பிரயாணத்துக்குச் சூட்டிய பெயரும் அதுவே: ‘ஃபில்த்தி லூகர்’. இழிந்த பணம் என்ற கருத்துடைய அந்தச் சொற்றொடர் பைபிளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் வருவது. கம்பெனிகள் கொடுத்த பணத்தைச் சுட்டி 1977-இல் லண்டன் பத்திரிகை ஒன்று இவர்களை இகழ்ந்து தலைப்பிட்டதும் அதை வைத்தே. எறிந்த கல்லை எடுத்துத் தாங்களே மாலையாக அணிந்துகொண்டார்கள்.

ஜூன் 23-ஆம் தேதி ஃபின்ஸ்பரி பார்க்கில் ஏறத்தாழ 30,000 பேர் கூடினார்கள். ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்த சமயம். முதல்நாள்தான் ஸ்பெயினைப் பெனால்டியில் வென்றிருந்த இங்கிலாந்து அணியிலிருந்து, பங்க் அபிமானியான ஸ்டூவர்ட் பியர்ஸும், கேரத் சௌத்கேட்டும் மேடையேறிக் கோஷ்டியை அறிமுகம் செய்துவைத்தார்கள். முன்னதாகப் பாடிய கோஷ்டிகளில் பீட் ஷெல்லியின் பஸ்காக்ஸும் ஒன்று. மான்செஸ்டரில் நாற்பது பேருக்கு இவர்களைக் கொண்டுவந்து காட்டிய அதே ஷெல்லி! அந்தச் சமயத்தில் நாற்பது வயது நிரம்பியிருந்த லைடன், தமது பருத்த உடலையும் வயதையும் மறைக்காமல் சபைக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் பாடத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் லண்டன் எனக்கு எட்டாத ஊர். எட்டியிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்றே அன்று பிடிவாதமாகச் சொல்லி வந்தேன். பெரிய மேடையையும் பெரிய பணத்தையும் கண்டால் சீறியவர்கள் அவ்விரண்டையும் தேடிப் போவதாவது என்று மனம் கசந்தது. அக்கச்சேரியின் ஒலிப்பதிவு சில வாரங்களில் வெளிவந்தபோதும் வெகுநாள் வாங்கவில்லை. கடைசியில் நண்பர் ஒருவர் கொடுத்ததை ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்டேன்; அதன் பிறகு 1977-ஆம் வருஷத்து ஆல்பத்தைக் கேட்டேன்; மறுபடியும் இதைக் கேட்டேன். பழைய ஆல்பம் பதிவானது ஹைபரியிலுள்ள வெஸெக்ஸ் ஸ்டூடியோவில். அங்கிருந்து ஃபின்ஸ்பரி பார்க் நடந்து போகிற தூரம். ஆனால் காதுக்கு அவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு ஜன்மமே கழிந்துவிட்டதாகத் தோன்றியது.

பழையதில் ஜோன்ஸின் கிட்டார், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை பதிவு செய்து சேர்த்த சுவரைப் போல நிற்கிறது. அதன்மேல் ராட்டனின் குரல் சொற்களின் கடைசி எழுத்தைச் சுருட்டி இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது. அடுத்த நிமிஷம் என்ன ஆகுமோ என்ற பயம் கேட்கிறவனையும் பற்றிக்கொள்கிறது. புதியதில் அந்தப் பயம் இல்லை. வாத்தியங்கள் தடுமாறாமல், தாளம் பிசகாமல், கனமாக ஒலிக்கின்றன. ஆனால் பழைய ஆல்பத்தில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. கிட்டாருக்கு அடியிலே இன்னொரு ஓட்டம், பாட்டைத் தோளில் ஏற்றிச் சுமந்துகொண்டு போகிற பேஸ் ஓட்டம் கேட்டது. அது மாட்லாக்கின் விரல். தாம் ஆக்கிய பாட்டுகளை, பத்தொன்பது வருஷம் விலக்கப்பட்டிருந்த பிறகு, தாமே வாசித்து, முப்பதினாயிரம் பேர் அவற்றை ஒரே குரலாகத் தமக்குத் திருப்பிப் பாடுவதை அந்த மனிதர் கேட்கிறார். அதை உணர்ந்தபோது என் கசப்பில் ஒரு பாதி கரைந்துவிட்டது. அவர்கள் வசூலிக்க வந்தது பழைய கூலி. வயலில் பாடுபட்டவன் வருஷம் கழித்துக் களத்துமேட்டில் வந்து நெல்லைக் கேட்டால், அவனுக்குப் பேராசை என்று எந்த நியாயஸ்தனும் சொல்ல மாட்டான்.

மற்றப் பாதி கரையவில்லை. அதற்குக் காரணம் பணமில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷங்கள் ஆயின. மான்செஸ்டரிலிருந்து நாற்பது பேர் வீடு திரும்பியபோது கையை ஊன்றி எதையாவது தொடங்க வேண்டுமென்ற தவிப்போடு திரும்பினார்கள். பூங்காவுக்கு வந்த முப்பதினாயிரம் பேரோ தங்கள் இளமையை ஒரு மாலைப்பொழுது பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். முன்னது விதை நெல். பின்னது விருந்துச் சோறு. விருந்து தவறன்று, பசித்தவர்கள் உண்டார்கள். ஆனால் விதை நெல்லின் வேலையை அது செய்யாது.

மீண்டும் கூட மறுத்தவர்களின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 1976-இல் லண்டனில் தோன்றிய ‘தி கிளாஷ்’ கோஷ்டி 1980-களின் நடுவில் கலைந்த பின், மறுபடி சேர்ந்து பாடும்படி எத்தனையோ பேர் வேண்டியும் இசையவில்லை. இசையாமலே அவர்களுடைய பாட்டுகள் ஜீவித்தன. 1982-இல் அவர்கள் ஆக்கிய ஒரு பாட்டின் இசையை அடித்தளமாக வைத்து, ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2007-இல் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ உலகத்தையே சுற்றிவந்தது. கிளாஷின் பாடகர் ஜோ ஸ்டிரம்மரும் கிட்டார்க் கலைஞர் மிக் ஜோன்ஸும் 1983-இல் மனஸ்தாபத்தால் பிரிந்தவர்கள். 2002-ஆம் வருஷம் தீயணைப்புத் தொழிலாளர்கள் மறுபடியும் சம்பள உயர்வுக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1977-க்குப் பிறகு தேசமளாவிய முதல் வேலைநிறுத்தம் அதுதான். அவர்களுக்கு நிதி சேர்க்க, நவம்பர் 15-ஆம் தேதி, மேற்கு லண்டனில் ஆக்டன் நகர மண்டபத்தில் ஸ்டிரம்மர் தமது புதிய கோஷ்டியுடன் பாடினார். கேட்க வந்தவர்களில் ஒருவராக நின்றிருந்தார் மிக் ஜோன்ஸ். பழைய பாட்டொன்று தொடங்கியதும், முன்னேற்பாடு ஏதுமின்றி, தாமாகவே மேடையேறிக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். மூன்று பாட்டுகளை இருவரும் சேர்ந்து பாடினார்கள். ஏறக்குறைய இருபது வருஷத்துக்குப் பிறகு அந்த இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான், அதுவே கடைசி. ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22-ஆம் தேதி, பிறவியிலேயே இருந்து யாரும் அறியாத இருதயக் கோளாறினால் ஸ்டிரம்மர் தமது 50-ஆவது வயதில் வீட்டில் காலமானார்.

விளம்பரமில்லை, உலகப் பிரயாணமில்லை, ஒப்பந்தமில்லை. எனக்குத் தெரிந்த மறுகூட்டங்களில் இதற்கு ஈடானது வேறில்லை. ஆயினும் இதை வைத்துக்கொண்டு பிஸ்டல்ஸைத் தாழ்த்துவது நியாயமாகாது. சேராமலே காத்திருப்போருக்குக் காலம் தயவு காட்டுவதில்லை. நியூயார்க்கில் பங்க் இசைக்கு வித்திட்ட ‘ரமோன்ஸ்’ கோஷ்டி, பிஸ்டல்ஸ் திரும்பி வந்த அதே 1996-இல் ஆகஸ்ட் 6-ஆம் தேதி கடைசிக் கச்சேரி செய்து விடைபெற்றது. 2001 முதல் 2014-க்குள் அதன் மூலவர்கள் நால்வரும் ஒவ்வொருவராக மறைந்துவிட்டார்கள். இனி அவர்களைக் கூட்டுவிக்க எந்தப் பணத்தாலும் ஆகாது.

பிஸ்டல்ஸ் அதன் பிறகும் இடையிடையே கூடினார்கள்: 2002-இல் ராணியாரின் பொன்விழாவின்போது கிரிஸ்டல் பேலஸில், 2007-இல் பிரிக்ஸ்டனில், 2008-இல் ஐரோப்பாவெங்கும். ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க மாளிகையொன்று 2006-இல் அழைத்தபோது கையால் எழுதிய ஒரு கடுமையான கடிதத்தால் மறுத்துவிட்டார்கள். அதில் எனக்குப் பூரண திருப்தி. 2021-இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குப் பாட்டுகளைத் தருவது பற்றி ஜோன்ஸும் குக்கும் ஒரு பக்கமும் லைடன் மறுபக்கமுமாக நீதிமன்றம் ஏறி, லைடன் தோற்றார். அன்று மானேஜரோடு நடந்த வழக்கு இன்று தங்களுக்குள்ளேயே என்று ஆனதை எண்ணி மனம் நொந்தேன். மெக்லாரன், வெஸ்ட்வுட் இருவரின் புதல்வர் 2016 நவம்பரில், பங்கின் நாற்பதாம் ஆண்டை நகரம் உத்தியோகபூர்வமாகக் கொண்டாடுவதைக் கண்டித்து, தம்மிடமிருந்த பழைய உடைகளையும் பொருள்களையும் தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, செய்கை சம்மதமில்லை. அந்தக் கடையிலே தைத்த கைகளுக்கும் அந்தத் துணிகளில் பங்குண்டு. கிங்ஸ் ரோடில் அந்தக் கடை இன்னும் இருக்கிறது. பதின்மூன்று மணி குறித்த பெரிய கடிகாரம் ஒன்று அதன் முகப்பில் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கிறது. மான்செஸ்டர் மண்டபமோ, பழைய முகப்பு மாத்திரம் எஞ்ச, ஹோட்டலாகிவிட்டது.

2024 ஆகஸ்டில் வந்த செய்தி என்னை மறுபடி யோசிக்க வைத்தது. ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில், ஜோன்ஸும் குக்கும் பையன்களாகத் திரிந்த தெருக்களுக்கு நடுவே, 1904-இல் நடனசாலையாகக் கட்டிய புஷ் ஹால் என்ற சிறு மண்டபம் உண்டு. சில நூறு பேருக்கு மேல் அதில் நிற்க இடமில்லை. கடன் நெருக்கடியால் அது மூடப்படும் அபாயம் நேர்ந்தபோது, ஜோன்ஸ், குக், மாட்லாக் மூவரும், ஃபிராங்க் கார்ட்டர் என்ற பாடகரைச் சேர்த்துக்கொண்டு, மண்டபத்தைக் காப்பதற்கு நிதியாக ஆகஸ்ட் 13, 14 தேதிகளில் தங்கள் ஆல்பம் முழுவதையும் அங்கே பாடினார்கள். விண்டர்லாண்டில் கோஷ்டி கலைந்தபோது இந்தக் கார்ட்டர் பிறக்கவேயில்லை. லைடன் இல்லாமல் இது பிஸ்டல்ஸ் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. லைடனும் இதை ஏற்கவில்லை. குரல் அவருடையது, அதற்கு மாற்றுக் கிடையாது என்பதே என் அபிப்பிராயமும். ஆனால் அந்த இரண்டு இரவுகளிலும் அவர்கள் காக்க முயன்றது தங்கள் பெயரை அன்று. நாளைக்கு யாரோ ஒரு பையன் திருடாமல் வாங்கிய கிட்டாரோடு ஏறி நிற்க வேண்டிய மேடையை. எழுபதை எட்டும் பிராயத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் பிற்பகலுக்கு அவர்கள் மறுபடி வந்து சேர்ந்ததாக நான் கொள்கிறேன். புஷ் ஹாலிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆக்டன்; ஸ்டிரம்மரும் மிக் ஜோன்ஸும் கடைசியாகச் சேர்ந்து பாடிய ஊர்.

பழைய கோஷ்டி எதுவாயினும் மீண்டும் கூடிப் பாட வந்தால், இனி நான் முகஞ்சுளிக்கப் போவதில்லை. உரிய கட்டணத்தைக் கொடுத்துக் கேட்பேன். வாசகர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. அந்தப் பெரிய கச்சேரிக்கு ஒரு டிக்கெட் வாங்கும்போது, உங்கள் ஊரில் நாற்பது பேர் கொள்ளும் ஏதோ ஒரு கூடத்தில், இன்னும் பெயர் தெரியாத பிள்ளைகள் வாசிக்கும் கச்சேரிக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்கள்; வாங்கி, தவறாமல் போங்கள்.